தூய்மை வாரியத்தின் குக்கர்

வாயில்லா ஜீவனுக்கு வைக்கும் ஒரு பிடி சோறு நேராகக் கடவுளின் இலைக்குப் போய்ச் சேருகிறது என்பது உத்தமனின் நம்பிக்கை. இதை அவர் யாரிடமும் வாதாடி நிலைநாட்டியதில்லை. காலையில் குளித்துத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் சிறிது நேரம் கண்மூடி நிற்பார். பிறகு மிச்சச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவார். டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தச் சந்தின் நாய்கள் அவருக்காக வாலாட்டிக்கொண்டு நிற்கும். அப்பா காலத்தில் சங்கரன்கோவிலிலிருந்து வந்து கல்கத்தாவில் ஊன்றிய குடும்பம். அவருக்கும் அப்பாவைப் போலவே ரயில்வேயில் குமாஸ்தா வேலை. சந்துக்காரர்களுக்கு அவர் 'உத்தம்தா', உத்தம் அண்ணன்.

அப்பாவின் நம்பிக்கை மகளுக்கும் தொற்றிக்கொண்டது. ஜெயப்ரியாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூலைக்கடை ஹாருதாவிடம் 'பகதூர்' மார்க் நாய்த் தீவனம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்வாள். தவிடும் கோழிக் கழிவும் சேர்த்து ஆலையில் செய்த சின்னச் சின்ன உருண்டைகள். சோற்றைவிட நாய்கள் அதை விரும்பித் தின்றன. பாகா என்ற செவலை நாய்க்கு அவள் ஒவ்வொன்றாகக் கையால் ஊட்டுவாள். சந்தின் மற்ற பிள்ளைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஊட்டும்.

தொண்ணூற்றெட்டாம் வருட மழைக்காலத்தில் பாகா சாக்கடை ஓரமாகச் சுருண்டு படுத்தது, எழுந்திருக்கவில்லை. அடுத்து இன்னும் இரண்டு நாய்கள். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று சந்து பேசிக்கொண்டது. அதற்குள் ப்ரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு ரத்தமாக வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா கேட்டார்: "சால்மொனெல்லான்னு ஒரு கிருமி. கெட்டுப்போன தீனியில இருக்கும். குழந்தை வெளியில எதுவும் சாப்பிட்டாளா?"

உத்தமனின் மனைவி கோமதி சொன்னாள்: "நாய்க்குப் போடும்போது தானும் ஒண்ணு வாயில போட்டுக்குவாம்மா. கேட்டா, பாகா தனியா சாப்பிட்டா அதுக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லுவா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் மனுஷங்களைத்தான் சோதிக்க முடியும். தீவனத்தைச் சோதிக்க ஒரு வாரியம் இருக்கு. அவங்க ஒரு உத்தரவு போட்டா விற்பனை நின்னுடும். சீக்கிரம் போங்க. மத்தப் பிள்ளைங்களும் அந்த நாய்களோடதானே விளையாடுது?"

அந்தக் கடைசிக் கேள்வி உத்தமனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று மாலையே ஹாருதாவின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஹாருதா மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த பகதூர் மூட்டைகளை இழுத்துக் கடையின் பின்பக்கம் போட்டுச் சாக்கால் மூடினார். "ப்ரியா என் மகள் இல்லையா? நீங்க சொல்லிட்டீங்க, போதும். ஆனா கம்பெனிக்காரன் வந்து ஏன் விக்கலைன்னு கேட்டா காட்ட எனக்கு ஒரு சர்க்கார் காகிதம் வேணும், உத்தம்தா."

அந்தக் காகிதத்துக்காகத்தான் உத்தமன் கிழக்கு மண்டல விலங்குணவுத் தூய்மை வாரியத்தின் படியேறினார்.

நகரின் அலுவலக வட்டாரமான டல்ஹௌசி பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. வாசலில் மாலை போட்ட பசு ஒன்றின் படம். அதன் கீழே, 'வாயில்லாதவற்றின் வாய்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. புகார்ப் பிரிவில் கோஷால் பாபு என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிதர். உத்தமனை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"பாதிக்கப்பட்டது யாரு?"

"என் மகள் சார்."

"என்ன இனம்?"

உத்தமனுக்குப் புரியவில்லை.

"மாடு, ஆடு, கோழி, பன்றி, நாய், பூனை. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"மனுஷக் குழந்தை சார். ஆறு வயசு."

கோஷால் பாபு பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "அப்படின்னா நீங்க சுகாதாரத் துறைக்குப் போகணும், மொஷாய்" என்றார், 'ஐயா' என்று அழைக்கும் வங்காள வழக்கில்.

"அங்க போய்ட்டுத்தான் வரேன். நாய் தின்கிறது உணவு இல்லை, தீவனம், அதனால உங்ககிட்டப் போகச் சொன்னாங்க."

"அவங்க சொன்னது ரொம்பச் சரி. நான் சொல்றதும் சரி." இரண்டு சரிகளுக்கும் நடுவில் ப்ரியா கட்டிலில் கிடக்கிறாள் என்பதை நினைத்தோ என்னவோ, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாய் ஏதாவது செத்துச்சா?"

"மூணு நாய் சார்."

"நல்லது. சொந்தக்காரர்?"

"தெரு நாய்ங்க."

"அநாதை நாய் புகார் கொடுக்க முடியாது. ஒண்ணு செய்யுங்க. அதுல ஒண்ணு உங்களுதுன்னு எழுதுங்க. லைசென்ஸ் இல்லாம நாய் வளர்த்ததுக்குக் கார்ப்பரேஷன் அபராதம் போடும், கட்டிடுங்க. செத்த பிராணியோட பாதப் பதிவு இருந்தா நல்லது. இல்லைன்னாலும் பரவாயில்லை, கட்டாயம் கிடையாது."

பாகாவின் சொந்தக்காரர் என்று உத்தமன் கையெழுத்துப் போட்டார். அதில் பொய் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் 'பிராணியுடன் வசிக்கும் மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. கோஷால் பாபு அதை விரலால் தொட்டுக் காட்டினார். "குழந்தை பேரை இதுல போடுங்க. சட்டத்துல இவ்வளவுதான் இடம் இருக்கு."

மற்றவை என்ற கட்டத்தில் உத்தமன் ஜெயப்ரியா என்று எழுதினார்.

பிரிக்காத மூட்டை ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். ஹாருதா காசு வாங்காமல் கொடுத்தார். அதைத் தோளில் சுமந்துகொண்டு நெரிசலான ரயிலில் உத்தமன் போனபோது, சக பயணிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வாரியத்தின் பியூன் நிமாய் மூட்டையை வாங்கிக்கொண்டு, "கவலைப்படாதீங்க அண்ணா, எங்க லேப்ல ரொம்ப ஜாக்கிரதையா சோதிப்பாங்க" என்றான்.

மழைக்காலம் போயிற்று. துர்கா பூஜைக்கு வாரியம் மூடியது. காளி பூஜைக்கு மறுபடி மூடியது. நடுவில் திறந்திருந்த நாட்களில், வெள்ளிவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ப்ரியா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பாகா எங்கே என்று கேட்டாள். அது சாமிகிட்டப் போயிருக்கு என்றாள் கோமதி. "சாமி அதுக்குக் கையால ஊட்டுவாரா?" என்று குழந்தை கேட்டாள்.

கடைசியில் சான்றிதழ் வந்தது. அரக்கு முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. 'மேற்படி தீவனம் முற்றிலும் தூய்மையானது. அதில் நோய்க்கிருமி எதுவும் இல்லை. எல்லாப் பிராணிகளுக்கும் உகந்தது.' அதன் நகல் ஒன்றை வாரியம் கம்பெனிக்கும் அனுப்பியிருந்தது. கம்பெனி அதைத் தெய்வப் பிரசாதமாக எடுத்துக்கொண்டது. அடுத்த வாரமே மூட்டைகளில் சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது: 'தூய்மை வாரியம் சோதித்துச் சான்றளித்தது.'

அதுவரை பகதூர் தீவனத்தின் மேல் யாரும் எந்தச் சீட்டும் ஒட்டியதில்லை. உத்தமன் புகார் கொடுத்ததால் கிடைத்த சீட்டு அது.

ஹாருதா அவரைக் கண்டதும் கடையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. கம்பெனி ஆள் வந்து சத்தம் போட்டான். சர்க்காரே நல்லதுன்னு சொல்லிடுச்சு. இனி நான் என்னன்னு சொல்லி மறைச்சு வைக்கிறது? ப்ரியாவுக்கு வேற எதுனாலயோ வந்திருக்கலாம் இல்லையா, உத்தம்தா?"

சான்றிதழ் உத்தமனின் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. முத்திரைக்கு அந்த வலிமை உண்டு.

மூட்டைகள் முன்வரிசைக்குத் திரும்பின. பின்பக்கம் கிடந்ததில் ஒன்று கிழிந்திருந்தது. அந்தத் தூளையும் உடைசலையும் வீணாக்க மனமில்லாமல், சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சுகியாவுக்கு ஹாருதா இலவசமாகக் கொடுத்தார். "உன் நாய்க்குப் போடு. சர்க்கார் பார்த்து நல்லதுன்னு சொன்னது." சுகியா பீகாரிலிருந்து வந்தவள். அந்த மூட்டையை வண்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஹாருதாவின் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். அவளுடைய கைக்குழந்தை முன்னி அப்போதுதான் தவழக் கற்றிருந்தது. வண்டிக்கு அடியில்தான் தவழும்.

முன்னியை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். உத்தமனும் கூடப் போனார். டாக்டரம்மா அதே கிருமியின் பெயரை மறுபடி சொன்னார். இந்த முறை மற்றப் பிள்ளைகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. முன்னி விடிவதற்குள் போய்விட்டது.

ஒரு ஏழை இன்னொரு ஏழைக்கு மனமுவந்து கொடுத்ததைக் கடவுள் கைவிட மாட்டார் என்று நம்புகிறவர் உத்தமன். அன்று சுடுகாட்டிலிருந்து வந்து குளித்தபின் முருகன் படத்துக்கு முன்னால் நின்றார். அவரால் கண்ணை மூட முடியவில்லை. இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் அந்தச் சிவப்புச் சீட்டு எப்படி வந்து நுழைந்தது என்றே யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார். அன்று பார்த்து வெள்ளிவிழா. வாசல் பசுவுக்குப் புதுச் சாமந்தி மாலை. அவரைக் கண்டதும் கோஷால் பாபுவின் முகம் மலர்ந்தது. "சரியான நேரத்துல வந்தீங்க. பொதுமக்கள் தரப்பிலிருந்து ஒருத்தர் முன்வரிசையில உட்காரணும்னு டைரக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பொதுமக்கள் யாரையும் தெரியாது. நீங்கதான் இருக்கீங்க." உத்தமன் வாய் திறப்பதற்குள் அவர் கையில் ஒரு ரோஜாவையும் ஒரு சிற்றுண்டிப் பெட்டியையும் வைத்து உட்கார்த்திவிட்டார்கள். பெட்டிக்குள் சமோசா போன்ற ஒரு சிங்காராவும் சந்தேஷ் என்ற பால் இனிப்பு இரண்டும் இருந்தன.

பாட்டு முடிந்ததும் இயக்குநர் லாஹிரி எழுந்தார். தோளில் பட்டுச் சால்வை.

"நண்பர்களே, இந்த வாரியம் பிறந்த நாட்களில் நிலைமை மோசமாக இருந்தது. வந்த சாம்பிள்களில் பாதி கெட்டவையாக இருந்தன. எங்கள் லேப் உதவியாளர் ஒருவர் கோழித் தீவனத்தைச் சோதித்தபோது கிருமி தொற்றிப் பல நாள் படுத்துவிட்டார். ஊழியர் குழு என்னிடம் வந்தது. நான் இதயம் உள்ளவன். அன்றே உடன்பாடு போட்டோம். அதன்படி, எந்தச் சாம்பிளையும் பெரிய குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்த பிறகுதான் எங்கள் ஊழியர் தொடுவார். அன்றிலிருந்து இன்றுவரை ஓர் ஊழியருக்கும் நோய் இல்லை."

கைதட்டல்.

"அதைவிடப் பெரிய சாதனை ஒன்று உண்டு. அந்த வருடத்திலிருந்து ஒரு சாம்பிள்கூடக் கெட்டதாக வந்ததில்லை. ஒன்றுகூட. நாங்கள் குக்கர் வாங்கிய வருடமும் இந்த மண்டலத்தின் தீவனம் தூய்மையான வருடமும் ஒன்றாக அமைந்தது இறைவன் அருள் என்றே நினைக்கிறேன்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உத்தமனும் எழுந்து நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"பொதுமக்கள் பேச விரும்புகிறார்" என்றார் கோஷால் பாபு, மகிழ்ச்சியாக.

"சார், வேகவச்சா கிருமி செத்துடும்ல?"

"நிச்சயமா. அதுக்குத்தானே வேகவைக்கிறோம்."

"எங்க கடையில வேகவைக்காமத்தான் விக்கிறாங்க சார். எங்க சந்துல ஒரு குழந்தை செத்துப்போச்சு. ஒரே ஒரு மூட்டையை வேகவைக்காம சோதிச்சுப் பாருங்க."

லாஹிரி கோபப்படவில்லை. பிடிவாதம் பிடிக்கும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா என் ஊழியர் உயிரைப் பணயம் வைக்கச் சொல்றீங்க. அது ஆபத்தான பொருள், மொஷாய்."

"அப்ப மூட்டை மேலயாவது எழுதச் சொல்லுங்க சார். வேகவச்சுத்தான் போடணும்னு."

"எப்படி எழுதுறது? எழுதினா, ஏன்னு ஜனங்க கேப்பாங்களே? சுத்தமான பொருளை எதுக்கு வேகவைக்கணும்? அப்புறம் எங்க சான்றிதழை யாரு நம்புவாங்க? நீங்களே சொல்லுங்க." அவர் உண்மையாகவே பதிலை எதிர்பார்த்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்: "அந்தக் குழந்தை செத்தது சான்றிதழ் கொடுத்த பிறகு. அதனால காரணம் தீவனமா இருக்க முடியாது. இது ஒரு விதத்துல உங்களுக்கு ஆறுதல்."

உத்தமன் சிற்றுண்டிப் பெட்டியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் கோமதியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"வேகவச்சா சாகுதுன்னு அவுகளே சொல்லுதாக, இல்லையா?"

"ஆமா. மைக்ல சொன்னாரு."

"அப்ப நம்ம அடுப்புல வச்சாலும் சாகத்தானே செய்யும்?"

உத்தமன் அவளைப் பார்த்தார்.

"என்ன பாக்குதீக? அவுக சட்டம் அவுகளோட. நமக்கு அடுப்பு இருக்கு, பொங்கப் பானை இருக்கு. ஹாருதாகிட்டப் போய்ச் சொல்லுங்க. தீவனம் வாங்குத எல்லாரும் முதல்ல இங்க கொண்டாரட்டும். அவுகவுக வீட்டுல வேகவைக்க மனசு வராது, சகிக்காத நாத்தம். நான் வைக்கேன்."

ஹாருதா இதைக் கேட்டுக் கடைப்பலகையில் உட்கார்ந்து அழுதார். முன்னி போன நாளிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசியிருக்கவில்லை. அன்று முதல் பகதூர் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "முதல்ல உத்தம்தா வீட்டுக்குப் போ, அப்புறம் நாய்க்குப் போடு. எடுத்த கையைக் கழுவு" என்று சொல்லித்தான் கொடுத்தார். சந்துப் பெண்கள் பாத்திரங்களோடு வந்தார்கள். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயில் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். பின்முற்றத்தில் பானை கொதித்தது. நாற்றம் ரயில்வே பிளாட்பாரம் வரை போயிற்று. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்தச் சந்தில் அதற்குப் பிறகு நாயும் சாகவில்லை, பிள்ளையும் சாகவில்லை. மற்றச் சந்துகளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அங்கே சிவப்புச் சீட்டு மட்டும்தான் இருந்தது.

இந்தச் செய்தி எப்படியோ வாரியத்தை எட்டியது. மாசி மாத வாக்கில் ஒரு மாலை, பியூன் நிமாய் சந்துக்குள் வந்தான். ஒரு கையில் நீளமான உறை, மறு கையில் ஒரு துணிப்பை.

உறையில் இருந்தது நோட்டீஸ். சான்றளிக்கப்பட்ட தூய தீவனத்தை அனுமதியின்றிச் சூடாக்கி, அதன் தூய்மையில் பொதுமக்களுக்குச் சந்தேகம் உண்டாக்கியது குற்றம். மறுநாள் முதல் நிறுத்தாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே பச்சை மையில் லாஹிரியின் கையெழுத்து. உத்தமன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நிமாய் போகவில்லை. துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"என்ன தம்பி?" என்றாள் கோமதி.

"பௌதி, தப்பா எடுத்துக்காதீங்க." அண்ணியை அழைப்பதுபோல அவளை அழைத்துவிட்டு, நிமாய் தரையைப் பார்த்துச் சொன்னான்: "இது டைரக்டர் வீட்டுத் தீவனம். அவர் வீட்டுல ஒரு அல்சேஷன் இருக்கு. அவர் பேத்திதான் தினமும் அதுக்குக் கையால ஊட்டும். அவங்க வீட்டம்மா கொடுத்தனுப்பினாங்க. சாருக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் சார் சொல்லச் சொன்னார்."

உத்தமன் கையிலிருந்த நோட்டீஸ் மெல்ல மடங்கியது. கோமதியின் கண்கள் வாசலைத் தாண்டிச் சந்து முனைக்குப் போயின. இஸ்திரி வண்டி சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. சுகியா ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வண்டிக்கு அடியில் கரித்தூள் மட்டும் கிடந்தது.

உள்ளேயிருந்து ப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"பேத்திக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் கோமதி.

"நாலு."

கோமதி கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். பானையில் தண்ணீரை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். பையை அவிழ்த்துக் கொட்டினாள். அந்த நாற்றம் மெல்ல எழுந்தது.

"உட்காரு தம்பி" என்றாள். "உங்க ஆபீஸ்ல எவ்வளவு நேரம் வேகவைப்பீக?"

"அரை மணி நேரம், பௌதி."

"அப்ப இதுவும் அவ்வளவு நேரம் வேகட்டும்" என்று சொல்லி, அவள் பானையைத் தட்டால் மூடினாள்.